விட்டுவிட்டு வரும் பழுது

நுழையும்முன்

முற்றிலும் உடைந்த பொருள் தன் குறையைத் தானே காட்டிவிடும். சிலவேளை இயங்கியும் சிலவேளை நின்றும் போகின்ற பொருளோ, பழுதுநீக்குபவர் வந்து நிற்கும்போது நலமாகவே இருக்கும். பல டன் எடையைத் தலைக்குமேல் தூக்கிச் செல்லும் பாரந்தூக்கியில் இத்தகைய மின்பழுது தோன்றினால் அதனை எவ்வாறு கண்டறிவது? அதற்குக் கருவிகள் மட்டும் போதுமா? கூர்ந்து நோக்குதல், பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டல், பதிவுசெய்தல், பொறுமை ஆகிய பண்புகளும் தொழில்நுட்பத்தின் பகுதிகளே என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பாரம் தூக்கும் பணி

கடல்வழி வணிகம் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத் துறையில் கலங்களிலிருந்து இறங்கியவையும் கலங்களில் ஏற வேண்டியவையுமாகப் பண்டங்கள் குவிந்து கிடந்ததையும், அவற்றின்மீது சோழரின் புலி முத்திரை இடப்பட்டதையும் பட்டினப்பாலை காட்டுகிறது. அன்று மனிதத் தோள்கள் சுமந்த சுமையை இன்று பாரந்தூக்கிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. சென்னைத் துறைமுகத்தில் 1983ஆம் ஆண்டு சரக்குப்பெட்டக முனையம் செயற்படத் தொடங்கியது. பொருள் நிரம்பிய பெட்டகம் ஒன்று ஏறத்தாழ 30 டன் வரை எடையுள்ளதாக இருக்கலாம். அதனைக் கப்பலிலிருந்து எடுத்துக் கரையில் நிற்கும் வண்டியில் சில நிமிடங்களுக்குள் வைத்துவிடுகிறது பாரந்தூக்கி.

துறைமுகத்தில் மட்டுமன்றித் தொழிற்கூடங்களிலும் பாரந்தூக்கிகள் இன்றியமையாதவை. கூடத்தின் இருபுறமும் உயரத்தில் தண்டவாளங்கள் அமைந்திருக்கும். அவற்றின்மீது ஒரு குறுக்குப் பாலம் முன்னும் பின்னும் நகரும். அப்பாலத்தின்மீது 'டிராலி' எனப்படும் சிறுவண்டி இடமும் வலமும் ஓடும். அவ்வண்டியிலுள்ள உருளையில் சுற்றப்பட்ட எஃகுக் கம்பிக்கயிறு கொக்கியை மேலும் கீழும் இயக்கும். இம்மூவகை இயக்கங்களால் கூடத்தின் எந்த இடத்திலுள்ள பொருளையும் எடுத்து வேறோர் இடத்தில் வைக்க இயலும். இவ்வகை, மேல்நிலைப் பாரந்தூக்கி எனப்படும்.

நின்றாலும் தீங்கு நேராத அமைப்பு

உயரத்தில் பாரம் தொங்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால் என்ன ஆகும்? பாரம் கீழே விழுந்துவிடாதா? இவ்வினாவுக்கான விடையைப் பொறியாளர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டனர். 1854ஆம் ஆண்டு எலிஷா ஓடிஸ் என்பவர் நியூயார்க்கில் நடைபெற்ற கண்காட்சியில் தாம் நின்றிருந்த மேடையைத் தாங்கிய கயிற்றை அனைவரும் காண வெட்டச் செய்தார். மேடை விழவில்லை. கயிற்றின் இழுவிசை நீங்கியவுடன் வில் ஒன்று விரிந்து மேடையைப் பற்றி நிறுத்தியது.

இன்றைய பாரந்தூக்கியின் 'பிரேக்' அமைப்பும் இதே கருத்தின் வழிப்பட்டதே. வலிமையான வில் எப்போதும் பிரேக்கை அழுத்தியே வைத்திருக்கும். மின்சாரம் பாயும்போது மட்டும் மின்காந்தம் அவ்வில்லின் அழுத்தத்தை எதிர்த்துப் பிரேக்கை விடுவிக்கும். மின்சாரம் நின்றால் வில் உடனே தன் பணியைச் செய்யும். பாரம் நின்ற இடத்திலேயே நிற்கும். பிரேக் இயங்குவதற்கு மின்சாரம் தேவையில்லை. அதனை விடுவிப்பதற்கே மின்சாரம் தேவை.

பாரந்தூக்கியின் கட்டுப்பாட்டுச் சுற்றும் இவ்வாறே அமைக்கப்படுகிறது. அவசர நிறுத்தப் பொத்தான், கொக்கி அளவுக்குமேல் ஏறாமல் தடுக்கும் 'லிமிட் சுவிட்ச்', மோட்டார் அளவுக்குமேல் சூடேறினால் செயற்படும் 'ரிலே' ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் கோக்கப்பட்டிருக்கும். இத்தொடரின் முடிவில் மோட்டாருக்கு மின்சாரத்தை அனுப்பும் 'காண்டாக்டர்' இருக்கும். தொடரில் ஏதேனும் ஓரிடம் திறந்தாலும் காண்டாக்டர் விடுபடும், இயக்கம் நிற்கும், பிரேக் பற்றிக்கொள்ளும்.

இவ்வமைப்பு உயிர்களைக் காக்கிறது. ஆயினும் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. தொடரிலுள்ள ஏதோ ஓர் இணைப்பு, கண்ணிமைக்கும் நேரம் விலகினாலும் பாரந்தூக்கி நின்றுவிடும். அடுத்த நொடியே அவ்விணைப்பு மீண்டும் தொட்டுக்கொள்ளும். நின்றது தெரியும், எங்கே விலகியது என்பது தெரியாது.

முறைக்காய்ச்சல் போன்ற பழுது

விட்டுவிட்டு வரும் காய்ச்சலைத் தமிழில் முறைக்காய்ச்சல் என்பர். மலேரியா நோயின் ஒருவகையில் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். இடைப்பட்ட நாளில் நோயாளியைப் பார்ப்பவர் அவர் நலமாக இருக்கிறார் என்றே எண்ணக்கூடும். நோயோ உடலைவிட்டு நீங்குவதில்லை, குருதியில் மறைந்திருக்கிறது. காய்ச்சல் எந்த ஒழுங்கில் வருகிறது என்பதே மருத்துவர்க்கு முதன்மையான தடயமாக இருந்தது. நோய்க்கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்ததற்கு நெடுங்காலம் முன்பே, அந்த ஒழுங்கைக் கொண்டு மருத்துவர்கள் அந்நோயை அடையாளம் கண்டனர்.

விட்டுவிட்டு வரும் மின்பழுதும் இத்தகையதே. 'அது எப்போது வரும் என்று சொல்லவே முடியாது' எனத் தொழிற்கூடங்களில் கூறுவதுண்டு. இக்கூற்று முழு உண்மையன்று. காரணமின்றித் தோன்றி மறையும் பழுது என ஒன்று இல்லை. ஒரு குறிப்பிட்ட சூழல் அமையும்போது அது தோன்றுகிறது. அச்சூழல் மாறியதும் மறைகிறது. ஆகவே, பழுதைத் தேடுவதற்கு முன் அதனைத் தோற்றுவிக்கும் சூழலைத் தேட வேண்டும். இத்துறையின் அடிப்படை விதி இதுவே.

வெப்பம், அசைவு, ஈரம்

பாரந்தூக்கியில் இச்சூழலை உருவாக்குபவை பெரும்பாலும் மூன்று.

முதலாவது, வெப்பம். மின்சாரம் பாயும் கம்பி சூடேறி விரிவடையும். ஓய்வில் குளிர்ந்து சுருங்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள செம்புத் தண்டின் வெப்பநிலை 50 பாகை செல்சியசு உயர்ந்தால் அதன் நீளம் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் கூடும். இது சிறிய அளவாகத் தோன்றலாம். நாள்தோறும் பலமுறை இவ்வாறு விரிந்து சுருங்கினால் இறுக்கமாக இருந்த திருகாணி இணைப்புத் தளரும். தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும். மின்தடை கூடினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் இணைப்பு மேலும் தளரும். காலையில் நன்றாக இயங்கும் பாரந்தூக்கி, இரண்டு மணிநேர வேலைக்குப்பின் நின்று, சற்றே ஓய்வு கொடுத்ததும் மீண்டும் இயங்குமாயின் ஐயம் வெப்பத்தின் பக்கம் திரும்ப வேண்டும்.

இரண்டாவது, அசைவு. பாரந்தூக்கி அசையும் இயந்திரம். டிராலிக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பிவடம், திரைச்சீலை போல மடிப்பு மடிப்பாகத் தொங்கி விரிந்தும் மடிந்தும் இயங்கும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வளையும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறியும். மேலே போர்த்தப்பட்ட மின்காப்புறை மட்டும் கிழியாமல் இருக்கும். வெளியே பார்த்தால் முழுமையான வடம். உள்ளேயோ முறிந்த இழைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கும். இயக்குபவர் கையில் பிடித்திருக்கும் பொத்தான் பெட்டியில் வடம் நுழையும் இடமும் இவ்வாறு அடிக்கடி முறிகின்ற இடமே.

மூன்றாவது, ஈரம். கடற்கரைக் காற்றில் உப்பு கலந்திருக்கும். இணைப்புப் பெட்டிகளில் படியும் உப்பும் தூசும் உலர்ந்த நிலையில் பெரிதும் தொல்லை தருவதில்லை. விடியற்காலைப் பனியோ வடகிழக்குப் பருவமழையோ அவற்றை நனைத்தால் மின்சாரம் கசிவதற்கான வழி உண்டாகும். வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் அவ்வழி மறையும். மழை பெய்த மறுநாள் காலையில் தோன்றி, நண்பகலில் மறையும் பழுதுக்கு இதுவே காரணமாதல் உண்டு.

தெரிந்து தெளிவோம்

பழுது தோன்றும் சூழலும் முதலில் ஆராய வேண்டிய இடமும்

● நெடுநேர வேலைக்குப்பின் நிற்றல் – தளர்ந்த இணைப்புகள், மோட்டாரின் மிகைவெப்பக் காப்பு ரிலே, பிரேக் சுருள்
● தண்டவாளத்தின் ஒரே இடத்தில் நிற்றல் – அவ்விடத்திலுள்ள மின்கடத்துப் பட்டையின் இணைப்பு, அதனை உரசிச் செல்லும் தொடுகட்டை
● பொத்தான் பெட்டியை அசைக்கும்போது நிற்றல் – பெட்டியினுள் வடம் நுழையும் இடம்
● மழைக்குப்பின் அல்லது விடியற்காலையில் நிற்றல் – இணைப்புப் பெட்டிகளின் மூடி, மின்காப்பு
● பாரம் மிகுதியாக உள்ளபோது மட்டும் நிற்றல் – மின்னழுத்த வீழ்ச்சி, தேய்ந்த காண்டாக்டர் முனைகள்

முதற்சான்று: இயக்குபவரின் சொல்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவர் நோயாளியின் நிலையையும் நோயின் தன்மையையும் காலத்தையும் கருதிச் செயற்பட வேண்டும் என்கிறது. மருத்துவத்தின் கூறுகளைக் கூறுமிடத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றுடன் நோயாளியை அருகிருந்து கவனிப்பவரையும் சேர்த்துக் கூறுகிறது. பாரந்தூக்கிக்கு அவ்வாறு அருகிருப்பவர் அதனை நாள்தோறும் இயக்குபவரே.

பழுதுநீக்குபவர் இயந்திரத்தை ஒரு மணிநேரம் பார்க்கிறார். இயக்குபவர் ஆண்டு முழுவதும் பார்க்கிறார். இயந்திரத்தின் ஓசையில் உண்டாகும் சிறு மாற்றமும் அவருக்குத் தெரியும். ஆயினும் அவரிடம் 'என்ன பழுது?' என்று கேட்டால் 'அடிக்கடி நிற்கிறது' என்ற விடையே கிடைக்கும். வினாவைச் செம்மையாகக் கேட்டால் விடையும் செம்மையாக வரும். எந்த நேரத்தில் நின்றது? பாலம் எங்கே இருந்தது? டிராலி எந்தத் திசையில் ஓடியது? கொக்கியில் பாரம் இருந்ததா? ஓர் இயக்கம் மட்டும் நின்றதா, எல்லா இயக்கங்களும் நின்றனவா? தானே மீண்டதா, பொத்தானை மறுபடி அழுத்திய பின் மீண்டதா? அண்மையில் எந்தப் பகுதியாவது மாற்றப்பட்டதா? இவற்றுள் ஒவ்வொரு வினாவும் தேட வேண்டிய பரப்பைக் குறுக்குகிறது. எல்லா இயக்கங்களும் ஒன்றாக நின்றன என்று தெரிந்தால், தனியொரு மோட்டாரை ஆராய்வதைவிட அனைத்திற்கும் பொதுவான சுற்றை முதலில் ஆராய்வதே முறை.

நினைவை மட்டும் நம்புதல் போதாது. இயக்குமிடத்தில் ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிட்டு, பழுது தோன்றும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், இயக்கம், பாரம் ஆகியவற்றைக் குறிக்கச் செய்ய வேண்டும்.

தெரியுமா?

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்னும் கணிப்பொறி பிழையாக இயங்கியது. தேடியபோது அதன் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அப்பூச்சியை எடுத்தவர்கள் அதனை எறிந்துவிடாமல் பணிக்குறிப்பேட்டில் ஒட்டி, கண்ட செய்தியையும் எழுதிவைத்தனர். அக்குறிப்பேடு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

இம்முறை எவ்வாறு செயற்படுகிறது என்பதை அறிய ஒரு நிலையைக் கற்பனை செய்துகொள்வோம். ஓர் இரும்புவேலைக் கூடத்தில் 10 டன் தூக்கும் மேல்நிலைப் பாரந்தூக்கி உள்ளது. அது நாள்தோறும் சிலமுறை திடீரென நிற்கிறது. பொத்தானை மறுபடி அழுத்தினால் இயங்குகிறது. முதலில் காண்டாக்டரைப் புதிதாக மாற்றுகின்றனர். இரண்டு நாள் பழுதில்லை. மூன்றாம் நாள் மீண்டும் நிற்கிறது. அடுத்து ரிலேயை மாற்றுகின்றனர். பழுது தொடர்கிறது. செலவு கூடியதேயன்றி அறிவு கூடவில்லை.

பின்னர்க் குறிப்பேடு வைக்கப்படுகிறது. மூன்று நாள்களில் 11 முறை பழுது பதிவாகிறது. அவற்றுள் பெரும்பாலானவை முற்பகலில் நிகழ்ந்தவை. முற்பகல் என்றால் ஈரம் காரணமாகலாம் என முதலில் தோன்றும். ஆனால், இடத்தைக் குறித்த பத்தியைப் பார்த்தால் வேறோர் உண்மை வெளிப்படுகிறது. 11இல் 9 முறை, டிராலி கூடத்தின் மேற்குப் புறம் ஓடியபோது நின்றிருக்கிறது. எஞ்சிய 2 முறையும் டிராலியைத் திடுமென நிறுத்தியதால் வடம் ஊசலாடியபோது நின்றிருக்கிறது. பொருள் ஏற்றும் சரக்குந்து முற்பகலில் மேற்குப் புறம் நிற்பது வழக்கம். அதனாலேயே முற்பகலில் டிராலி அப்பக்கம் மிகுதியாக ஓடியது. நேரம் காரணமன்று, இடமே காரணம். இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றாக வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்னும் அறிவியல் உண்மையை இங்குக் காணலாம்.

ஐயம் இப்போது டிராலிக்குச் செல்லும் மடிப்பு வடத்தின்மீது விழுகிறது. ஐயம் வேறு, சான்று வேறு. சான்றைப் பெறுவதற்குப் பாதியாகப் பகுக்கும் முறை உதவுகிறது. நிறுத்தச் சுற்றின் தொடரில் 16 இணைப்பிடங்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றாக ஆராய்ந்தால் 16 முறை வரை தேட நேரலாம். அதற்கு மாறாக, தொடரின் நடுவில் நினைவுகொள்ளும் ரிலே ஒன்றை இணைக்கின்றனர். மின்சாரம் ஒரு நொடியின் சிறு பகுதி தடைப்பட்டாலும் அந்த ரிலே ஒரு விளக்கை ஏற்றி, அணைக்கும்வரை எரியச் செய்யும். அடுத்தமுறை பாரந்தூக்கி நின்றபின் விளக்கைப் பார்க்கின்றனர். விளக்கு எரிந்தால் பழுது முற்பாதியில் உள்ளது. எரியாவிட்டால் பிற்பாதியில் உள்ளது. 16 இடங்கள் 8 ஆகின்றன. இவ்வாறே ரிலேயை இடம்மாற்றி வைக்க, 8 இடங்கள் 4 ஆகவும், 4 இடங்கள் 2 ஆகவும் குறைந்து, நான்காம் முறையில் ஓரிடம் மட்டுமே எஞ்சுகிறது. பழுது மறைந்துவிடுகிறதே என்று வருந்திய நிலை மாறி, அது அடுத்து எப்போது வரும் என்று காத்திருக்கும் நிலை உண்டாகிறது.

எஞ்சிய இடம், கொக்கியின் மேலெல்லையைக் காக்கும் லிமிட் சுவிட்சுக்குச் செல்லும் வடத்தின் ஓர் உட்கம்பி. மின்சாரத்தை நிறுத்திவிட்டு வடத்தின் ஒவ்வொரு மடிப்பையும் கையால் வளைத்துப் பார்க்கின்றனர். மூன்றாம் தாங்கியின் அடியில் அக்கம்பியின் இழைகள் முறிந்திருக்கின்றன. டிராலி மேற்கே செல்லும்போது மடிப்புகள் விரிந்து வடம் இழுபடும். முறிந்த முனைகள் பிரியும். டிராலி கிழக்கே திரும்பினால் அவை மீண்டும் தொட்டுக்கொள்ளும். வேலை முடிந்ததும் பாரந்தூக்கியைக் கிழக்குப் புறத்தில் நிறுத்துவது அக்கூடத்தின் வழக்கம். சோதிக்க வந்தவர்கள் எல்லாரும் அங்கேயே சோதித்தனர். அதனால்தான் எவருக்கும் பழுது அகப்படவில்லை.

மல்டிமீட்டர் காட்டாத உண்மை

கருவி பொய் கூறுவதில்லை. எனினும் கேட்ட வினாவுக்கு மட்டுமே அது விடை கூறும். மல்டிமீட்டர் மின்தடையை அளக்கும்போது மிகச் சிறிய மின்னோட்டத்தையே செலுத்துகிறது. மோட்டாருக்குச் செல்லும் தளர்ந்த இணைப்பு ஒன்றில் 0.5 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். மல்டிமீட்டரில் இது ஏறக்குறைய சுழியாகவே தோன்றும்; சோதனைக் கம்பிகளின் மின்தடை என்று அதனை ஒதுக்கிவிடவும் கூடும். அதே இணைப்பின் வழியே 20 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது நிகழ்வதைக் கணக்கிடலாம். ஓம் விதிப்படி மின்னழுத்த வீழ்ச்சி 20 × 0.5 = 10 வோல்ட். வெப்பமாக மாறும் திறன் 20 × 20 × 0.5 = 200 வாட். 25 வாட் பற்றவைப்புக்கோல்கள் எட்டினை ஒரு திருகாணியின்மீது ஒருசேர வைப்பதற்கு இது நிகராகும். ஓய்வில் குற்றமற்றதாகத் தோன்றிய இணைப்பு, வேலையின்போது எரியும் இணைப்பாக மாறுகிறது.

ஆகவே, இத்தகைய பழுதுகளைப் பாரந்தூக்கி உண்மையில் இயங்கும் நிலையில் ஆராய்வது தேவையாகிறது. மின்னழுத்த வீழ்ச்சியை அளந்து பதிவுசெய்யும் கருவிகளும், தொடாமலே வெப்பத்தைக் காட்டும் அகச்சிவப்புப் படக்கருவிகளும் இதற்குப் பயன்படுகின்றன. மின்னோட்டம் உள்ள சுற்றில் இச்சோதனைகளைச் செய்வதற்குத் தகுதியும் பயிற்சியும் பெற்றவர்களுக்கு மட்டுமே உரிமை உண்டு.

குறுக்குவழியின் விலை

பாரந்தூக்கி அடிக்கடி நின்றால் வேலை தடைப்படும், சரக்குந்து காத்திருக்கும், மேலாளர் விரைவுபடுத்துவார். அந்நேரத்தில் எவரேனும் ஒருவர், 'லிமிட் சுவிட்சுதான் தொல்லை தருகிறது. அதன் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்று கூறக்கூடும்.

மேலே கண்ட எடுத்துக்காட்டில் அவ்வாறு செய்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சிறு கம்பியை இணைத்தவுடன் பழுது மறைந்திருக்கும். பாரந்தூக்கி ஒருமுறைகூட நின்றிருக்காது. பழுது நீங்கிவிட்டதாகவே அனைவரும் மகிழ்ந்திருப்பர். உண்மையில் நீங்கியது பழுதன்று, காவல். கொக்கியை மேலேற்றும் பொத்தானிலிருந்து கையை எடுக்க ஒருநாள் சற்றே தாமதமானாலும், கொக்கி உருளையில் மோதும்; கம்பிக்கயிறு அறும்; பாரம் கீழே நிற்பவர்மீது விழும். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு முன்பே இது நிகழ்ந்துவிடலாம். அது வந்து போனபின், கம்பி ஒன்று இணைக்கப்பட்டிருப்பதையே எல்லாரும் மறந்துவிடுவதும் உண்டு.

தாமதத்தால் வரும் இழப்பைப் பணத்தால் அளக்கலாம். மற்றோர் இழப்பை எதனாலும் அளக்க இயலாது. காப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்து இயந்திரத்தை ஓட்டுவதைவிட, இயந்திரத்தை நிறுத்திவைப்பதே கடமை. அவ்வாறு நிறுத்தும் துணிவு தொழில்திறனின் ஒரு பகுதியாகும். அத்துணிவு கொண்ட தொழிலாளரைக் கடிந்துகொள்ளாமல் இருப்பது மேலாளரின் கடமையாகும்.

பழுதைத் தேடும் பணியிலும் வரிசைமுறை உண்டு. முதலில் பாரத்தைத் தரையிறக்க வேண்டும். பாரந்தூக்கியின் கீழே எவரும் செல்லாதவாறு தடுப்பு அமைக்க வேண்டும். முதன்மை மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்ட வேண்டும். பூட்டின் திறவுகோல் மேலே ஏறிப் பணிசெய்பவரிடமே இருக்க வேண்டும். எச்சரிக்கை அட்டை தொங்கவிட வேண்டும். மின்சாரம் இல்லை என்பதை அளவிட்டு உறுதிசெய்ய வேண்டும். அளக்கும் கருவியே பழுதுற்றிருக்கலாம். ஆகவே, மின்சாரம் உள்ளதென அறிந்த ஓரிடத்தில் அக்கருவியை முதலில் சோதித்து, பின்னர்ப் பணிசெய்யும் சுற்றை அளந்து, மறுபடியும் அறிந்த இடத்தில் சோதிக்க வேண்டும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிகளிலுள்ள மின்தேக்கிகள், மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னும் சில நிமிடங்கள் ஆபத்தான மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். அது வடியும்வரை காத்திருத்தல் வேண்டும்.

பழுது நீங்கியது என்பது எப்போது?

முழுதும் உடைந்த இயந்திரத்தைச் சரிசெய்தால் அது இயங்குவதே சான்றாகிவிடும். விட்டுவிட்டு வரும் பழுதில் அச்சான்று செல்லாது. பழுது இருந்தபோதும் அவ்வியந்திரம் பெரும்பாலும் இயங்கிக்கொண்டுதானே இருந்தது! ஆகவே, மூன்று உறுதிகள் தேவை. காரணம் கண்ணால் காணத்தக்கதாக அகப்பட்டிருக்க வேண்டும். பழுதைத் தோற்றுவித்த அதே சூழலை மீண்டும் உருவாக்கி, அப்போதும் அது தோன்றவில்லை என்பதைக் காண வேண்டும். குறிப்பேட்டைத் தொடர்ந்து எழுதிவர வேண்டும்; நாளுக்குப் பலமுறை வந்த பழுது பல வாரங்கள் வராதிருந்தால் மட்டுமே அது நீங்கியதாகக் கொள்ளலாம்.

இதற்குப் பின்னும் ஒரு வினா எஞ்சும். வடம் அவ்விடத்தில் ஏன் முறிந்தது? தாங்கியின் விளிம்பு கூர்மையாக இருந்ததா? வடம் அளவுக்குமேல் இறுகக் கட்டப்பட்டிருந்ததா? அடிக்கடி வளையும் இடத்திற்கு ஏற்ற நுண்ணிழை வடம் பயன்படுத்தப்பட்டதா? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் வடத்தை மட்டும் மாற்றினால் அதே இடத்தில் புதிய வடமும் ஒருநாள் முறியும். நோயைக் கண்டபின் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, தீர்க்கும் வழியைத் தேர்ந்து செயற்பட வேண்டும் என வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறி இயந்திரங்களுக்கும் பொருந்துகிறது.

பாரந்தூக்கியின் கீழே நின்று பணியாற்றும் தொழிலாளி, மேலேயுள்ள வடத்தையோ ரிலேயையோ பார்ப்பதில்லை. அவற்றை ஒருவர் முறையாகப் பார்த்திருக்கிறார் என்னும் நம்பிக்கையில்தான் அவர் அங்கே நிற்கிறார். அந்த நம்பிக்கைக்கு உரியவராக நடந்துகொள்வதே பழுதுநீக்கும் பணியை ஏற்றவரின் முதற்கடமை ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ விட்டுவிட்டுப் பழுதுறும் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் அதன் பழுது தோன்றும் நேரம், இடம், சூழல் ஆகியவற்றைப் பதிவுசெய்து அட்டவணை உருவாக்குக. மின்பொருளாயின் அதனைத் திறக்காமல் உற்றுநோக்கல் மட்டும் செய்க.

2. தொடரிணைப்பில் 64 இணைப்பிடங்கள் இருந்தால், பாதியாகப் பகுக்கும் முறையில் பழுதுள்ள இடத்தைக் காண எத்தனை முறை சோதிக்க வேண்டும் எனக் கணக்கிட்டு விளக்குக.

3. 'வேலை தடைப்படாமல் இருக்கக் காப்புக் கருவியைச் சிறிது நேரம் துண்டித்து வைக்கலாமா?' என்னும் பொருளில் மேலாளர், இயந்திரம் இயக்குபவர், பழுதுநீக்குபவர் ஆகிய மூவர் நிகழ்த்தும் உரையாடலை எழுதுக.

4. உங்கள் பகுதியில் இயந்திரம் இயக்கும் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, இயந்திரத்தின் ஓசை, அதிர்வு, வெப்பம் ஆகியவற்றால் அவர் அறிந்துகொள்பவை யாவை எனக் கேட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.